கறுப்புப் பையைக் கிழித்தவனுக்கு

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை பசாரில் மிளகாய் நாற்று ஒன்று வாங்கி வந்தேன். கறுப்புப் பிளாஸ்டிக் பையில் இருந்தது. வாசல் வெயிலில் வைத்து ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினேன். சூடான பிளாஸ்டிக்கும் ஈர மண்ணும் சேர்ந்து ஒரு வாசனை எழுந்தது. செம்பனை நாற்றுப் பண்ணையில் வேலை முடிந்து வந்து, லயத்து வாசலில் நின்று சட்டையை உதறுவாயே, அதே வாசனை. குவளையைக் கீழே வைக்கத் தோன்றாமல் நின்றுகொண்டே இருந்தேன்.

முதலில் வீட்டுச் சேதி. நீ போன பிறகும் வருடாவருடம் உனக்குப் படையல் போட்டு, இலைக்கு முன்னால் உட்கார்ந்து, பிள்ளைகளின் சேதியைச் சொல்லிவிட்டுத்தான் கற்பூரம் ஏற்றுகிறேன். "அக்கா பேரன் பேத்தி புராணத்த ஆரம்பிச்சிட்டா, இனி சோறு கெடைக்காது" என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். பெரியவன் மகன் பினாங்கில் பல் டாக்டராகிவிட்டான். அவன் தங்கை எஸ்.பி.எம். பரீட்சையில் எல்லாப் பாடத்திலும் ஏ எடுத்தாள், தமிழையும் சேர்த்து. கோயில் மேடையில் கூப்பிட்டு மாலை போட்டார்கள். சின்னவன் மகள் பூப்பந்து ஆட்டத்தில் ஜொகூர் மாநிலத்துக்கே ஆடுகிறாள். என் மகள் செல்வியின் பெண் தாரணி ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, தினமும் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறாள். மேற்படிப்பு. நரம்பு செல்லைக் கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பார்க்கிற படிப்பு. ரெங்கம் தோட்டத்து லயத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் பேத்தி நரம்பையே வளர்க்கிறாள் என்று கோயிலில் சொல்லாத ஆள் பாக்கி இல்லை.

செல்வியின் மகன் முகிலனைப் பற்றி மட்டும் இந்த முறை இலைக்கு முன்னால் ஒன்றும் சொல்லவில்லை. அவனும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அதனால் எழுதுகிறேன்.

சென்ற வருடம் பாலிடெக்னிக்கிலிருந்து பாதியில் வந்துவிட்டான். காய்ச்சல் என்றோம் ஊருக்கு. உனக்கு வந்ததுதான் அவனுக்கும் வந்தது. ஏர்கோன் பெட்டி தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது என்றான். உனக்குத் தோட்டத்து ஒலிபெருக்கி. திருவிழா முடிந்து கழற்றி லாரியில் ஏற்றிய பிறகும், "அக்கா, இன்னும் என்னத்தான் கூப்புடுறாங்க" என்று மரத்தைப் பார்த்து நின்றாய். உனக்கு மீசை கறுத்துவந்த வயசு. அப்பா முதலில் பூசாரியிடம் போனார், அப்புறம் மலாய்க்கார மந்திரவாதியிடம். கடைசியில்தான் ஆஸ்பத்திரி. ஊருக்கு நரம்புத் தளர்ச்சி என்றோம். அந்தச் சொல்லை நீ சாகும்வரை வைத்துக் காப்பாற்றினோம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது உனக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? மாத்திரை எடுத்துக் கொடுப்பது என் வேலையாயிற்று. "அஞ்சாங்கிளாஸ் டாக்டரம்மா, இன்னைக்கு வெள்ளையா மஞ்சளா?" என்று கையை நீட்டுவாய். ஆனால் நீட்டிய கையைத் திரும்ப மடக்க நேரமாகும். ஒரு நாள் கேட்டேன், "இப்ப எப்படிடா இருக்கு தலைக்குள்ள?" நீ யோசித்துச் சொன்னாய்: "ரேடியோவ ஆஃப் பண்ணச் சொன்னேன். மெயின் சுவிச்சயே ஆஃப் பண்ணிட்டாங்க அக்கா."

 

பாலோ ஊரில் உனக்குப் பெண் பார்த்தார்கள். மாத்திரை சாப்பிடுகிற மாப்பிள்ளை என்று தெரிந்தால் யார் கொடுப்பார்கள்? "பையன் நல்லாத்தானே இருக்கான், போதும்" என்று அப்பா மாத்திரையை நிறுத்தச் சொன்னார். உனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அடுத்து வந்த நாட்களில் நீ பழைய ஆளாக ஆனாய். நடையில் வேகம் வந்தது. வேலை வாங்கும் மண்டோர் நடப்பது போல் நடந்து காட்டி லயத்துப் பெண்களைச் சிரிக்கவைத்தாய். அம்மா உனக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

பிறகு ஒரு நண்பகல். பண்ணைப் பக்கம் கூச்சல் கேட்டு ஓடினேன். கையில் வெட்டுக்கத்தியோடு நீ வரிசை வரிசையாகக் கறுப்புப் பைகளைக் கிழித்துக்கொண்டே போனாய். செம்பனை நாற்றுகள் மண்ணோடு சரிந்து கிடந்தன. வேரெல்லாம் வெளியே. பையைத் தாண்டிப் போக வழியில்லாமல் பைக்குள்ளேயே சுற்றிச் சுற்றிக் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்ட வேர். "மூச்சு முட்டுதுன்னு அழுவுது அக்கா, உனக்குக் கேக்கலையா?" என்று என்னைப் பார்த்துக் கத்தினாய். மண்டோர் கிட்டே வரப் பயந்தார். நான் வந்தேன். கத்தியை என்னிடம் கொடுத்துவிட்டாய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உன்னை லாரியில் ஏற்றும்போதுகூட, "தண்ணி ஊத்து அக்கா, வெயில்ல செத்துரும்" என்றாய். ஊற்றினேன். ஆனாலும் செத்துப்போயின. பாலோக்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு மாத்திரையோடு மாதம் ஒரு ஊசியும் சேர்ந்தது. சத்தம் வரவே இல்லை. வந்ததெல்லாம் வேறு. கை நடுங்கியது. கால் தரையைத் தேய்த்தது. வாய் ஒன்றுமில்லாததை மென்றுகொண்டே இருந்தது, உனக்குத் தெரியாமலே நாக்கு வெளியே வந்து வந்து போனது. செல்வி பிறந்து வளர்ந்தபோது அவள் பார்த்த மாமா அந்த மாமாதான். சொன்ன இடத்தில் உட்கார்ந்திருப்பார், பிஸ்கட் கொடுத்தால் பாதி சட்டையில் சிந்தும். மண்டோரைப் போல் நடந்து காட்டிய மாமாவை அவளுக்குத் தெரியாது. கத்தியோடு நின்ற மாமாவையும் தெரியாது. இரண்டு பேரையும் பார்த்தவள் இப்போது நான் ஒருத்திதான். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்த வருடப் படையலுக்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது.

இலை போட்டாயிற்று. உனக்குப் பிடித்த நெத்திலி சம்பல், கேசரி, கெட்டிப் பால் ஊற்றிய தேநீர். உறவெல்லாம் கூடத்தில் நிறைந்திருந்தது. என் வாய் சும்மா இருக்குமா?

"தாரணி, நீ என்ன படிக்கிறேன்னு எல்லாருக்கும் சொல்லு."

"பாட்டி, சோறு ஆறுது லா."

"ஆறினா சூடு பண்ணிக்கலாம். சொல்லுடி."

அவள் அடுப்படிக்குப் போய், வேரோடு இருந்த கொத்தமல்லிச் செடி ஒன்றை எடுத்து வந்தாள். "இது ஒரு நரம்பு செல்லுன்னு வெச்சுக்குங்க. இந்த வேர் மாதிரி கை விடும். கை நீட்டி அடுத்த செல்லத் தொடும். தொட்டாத்தான் ரெண்டும் பேசிக்கும். வளரச் சொல்ற சத்து ஒண்ணு இருக்கு, அத ஊத்தினா கை நீளும். அதோட சேத்து, மனநோய்க்குக் குடுக்கிற பழைய மருந்து ஒண்ணயும் ஊத்திப் பாப்போம்." வேரின் நுனிகளை நகத்தால் கிள்ளினாள். "அப்ப கை குட்டையாவே நின்னுடுது."

என் பெரிய மருமகள் உடனே, "அப்ப எங்க ஊட்டுக்காரருக்கு யாரோ ஊத்திட்டாங்க. கடைக்குப் போய்ச் சாமான் எடுத்தா, காசு குடுக்கக் கை நீளவே மாட்டேங்குது" என்றாள். கூடமே சிரித்தது.

"ஆனா புது மருந்துல சிலது—" என்று தாரணி தொடங்கினாள். கற்பூரம் தட்டில் காத்திருந்தது. எனக்குப் பெருமை நிறைந்துவிட்டது. "போதும்மா, மிச்சத்த அப்புறம் சொல்லு, மொதல்ல சாமி கும்பிடுங்க" என்றேன். அந்த மிச்சத்தை யாரும் கேட்கவில்லை. சாப்பிட்டதும் அவள் பஸ் பிடிக்க ஓடிவிட்டாள்.

எல்லோரும் சிரித்தபோது செல்வி சிரிக்கவில்லை. கரண்டி சாம்பாரில் அப்படியே நின்றது. முகிலன் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு வீட்டில் ஒரு நல்ல காலம் வந்தது, தம்பி. அப்படித்தான் நினைத்தேன். மாத்திரையால் மத்தியானம்வரை தூங்கிக் கிடந்தவன் காலையில் எழுந்தான். "பாட்டி, இந்தச் சாம்பார்ல தாரணியோட நரம்பு செல்லு நெளியுது, எனக்கு வேணாம்" என்று வம்பிழுத்தான். மருந்து வேலை செய்கிறது, அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று கோயிலில் விளக்கு ஏற்றினேன். உனக்குத் திருஷ்டி சுற்றிய அம்மாவைப் போலத்தான் நானும் இருந்திருக்கிறேன்.

ஒரு சாயங்காலம் துணி எடுக்க வாசலுக்கு வந்தேன். முகிலன் இரும்பு கிரில் கதவைப் பிடித்துக்கொண்டு தலையை ஒருபக்கம் சாய்த்து நின்றான். எதிர் வீட்டு ஏர்கோன் பெட்டியை அல்ல, அதற்கு மேலே எதையோ பார்த்தான். அந்தச் சாய்ப்பு எனக்குத் தெரியும். அதை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பேன். துணி என் கையிலேயே இருந்தது.

செல்வி மின்னணுத் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்து பையைக்கூட இறக்கவில்லை.

"மாத்திரை எங்கடி?"

"எதுக்கும்மா இப்ப?"

"எங்கன்னு கேட்டேன்."

"நிப்பாட்டிட்டோம். அவனும் வேணான்னான், நானும் சரின்னேன்."

"யாரக் கேட்டு?"

"உங்க பேத்தியக் கேட்டுத்தான். எலைக்கு முன்னால நிக்க வெச்சு நீங்கதானே சொல்லச் சொன்னீங்க? நரம்பு குட்டையா நின்னுடும்னு அவ வாயாலயே சொன்னாளா இல்லையா?"

 செல்வி தோள்பையை நாற்காலியில் போட்டாள். "உங்களுக்கு என்னம்மா? மாமா மாதிரி என் புள்ளையும் ஆவணுமா? வாய மென்னுக்கிட்டு, கை ஆடிக்கிட்டு, மூலைல ஒக்காந்து கெடக்கணுமா? நான் சின்ன வயசுல அவர் மூஞ்சியப் பாத்துப் பயந்து ஓடுவேன். என் புள்ளையப் பாத்து நாளைக்கு எந்தப் புள்ளையாவது அப்படி ஓடணுமா?"

 அவள் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. மாத்திரையைக் கொடு என்றால் உன் வாய் என் கண்ணுக்கு முன்னால் மெல்லுகிறது. கொடுக்காதே என்றால் கிழிந்த பையிலிருந்து மண் சரிகிறது. ஒரு பக்கமும் நகர முடியவில்லை. கிரில் கதவுக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேரும் நின்றோம், சாவி எங்கள் கையிலேயே இருந்தும்.

தாரணிக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டதும் கத்திவிட்டாள். "அவன் சாப்பிடுறது அந்த மருந்தே இல்ல பாட்டி! நான் சொன்னது பழசு. அவனோடது வேற."

"அப்ப அவன் மருந்து நரம்ப வளக்குமா?"

"அந்த மாதிரி புது மருந்துல சிலது, தட்டுல பாத்தப்ப வளர விட்டுச்சு. இல்ல இல்ல, அத நம்பி சந்தோஷப்படாதீங்க. தட்டு வேற, தல வேற. தட்டுல நாங்க ஊத்துற அளவு வேற. அவன் தலைக்குள்ள என்ன நடக்கும்னு எனக்குத் தெரியாது பாட்டி. முழுசா யாருக்குமே தெரியாது."

"தெரியாம என்னடி படிக்கிற?"

"தெரியாததாலதான் படிக்கிறேன்." அழுதாள். "சும்மா விட்டா அந்த நோயும் மூளைய விட்டுவைக்காது பாட்டி. அவனாவே நிப்பாட்டக் கூடாது. டாக்டர்கிட்ட போங்க, ப்ளீஸ்."

உன் மருந்து அந்தப் பழைய மருந்துதானா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் நான் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தாரணி சொன்னதைச் செல்வியிடம் சொன்னேன். அவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆனால் மாத்திரையை விழுங்க வேண்டியவன் அவள் இல்லையே. அதனால் முகிலனிடமே போனேன். கட்டிலில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தான். சின்னத் தாத்தாவை நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

"நரம்புத் தளர்ச்சித் தாத்தாவா?"

"அது நாங்க ஊருக்குச் சொன்னது. உனக்குக் கேக்குற மாதிரி அவருக்கும் கேட்டுச்சு."

அவன் என் பக்கம் திரும்பினான். வீட்டில் யாரும் இதுவரை அவனுக்கு இதைச் சொன்னதில்லை. ஒலிபெருக்கி, பாலோப் பெண், நீ மருந்தை விட்ட காலம், உன் நடை, பைகள், கத்தி, லாரி எல்லாவற்றையும் சொன்னேன். ஊசி, நடுங்கிய கை, மென்ற வாய் எதையும் மறைக்கவில்லை. மெயின் சுவிச்சை ஆஃப் செய்துவிட்டார்கள் என்று நீ சொன்னதைச் சொன்னதும், "அதான் பாட்டி, அதேதான்" என்று என் கையைப் பிடித்தான். உன் பேச்சு ஒருவனுக்குப் புரிவதை அன்றுதான் பார்த்தேன்.

"அப்புறம் தாத்தா நல்லாயிட்டாரா?"

ஆகிவிட்டார் என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ பேரிடம் சொன்ன பொய்தானே. "நல்லாவலப்பா. ஆனா கடைசி வரைக்கும் எங்ககூடவே இருந்தாரு" என்றேன்.

"அது போதுமா பாட்டி?"

"போதாது. நாளைக்கு டாக்டர்கிட்ட போவோம். அவருக்கு என்னென்ன ஆச்சுன்னு சொல்லி, ஒனக்கு அது வராம இருக்க வழி என்னன்னு கேக்குறேன். நம்ம அப்ப யாரும் கேக்கல. ஊசி போட்டாங்க, கும்பிட்டுட்டு வந்தோம்."

"டாக்டர் பேசுறது உங்களுக்குப் புரியுமா?"

"புரியலேன்னா மறுபடியும் கேப்பேன். எனக்கு என்ன வெக்கம்?"

ஜொகூர் பாருவுக்குச் செல்வி எங்களைக் காரில் அழைத்துப் போனாள்.  டாக்டர் தாரணி வயதில் ஒரு மலாய்ப் பெண். என் தோட்டத்து மலாயில் உன்னைப் பற்றிச் சொன்னேன். வார்த்தை வராத இடத்தில் உன்னைப் போல் வாயை மென்று காட்டினேன், கையை ஆட்டிக் காட்டினேன். செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. முகிலனைக் கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள், நடக்கவைத்தாள். "பாட்டி காட்டியது வருகிறதா என்று நானும் பார்ப்பேன், நீங்களும் பாருங்கள். லேசாகத் தெரிந்தாலே வாருங்கள். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள்" என்றாள். வராது என்று சொல்வாளா எனக் காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. பொய் சொல்லாத அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்தது. 

முகிலன் மறுபடியும் மருந்து சாப்பிடுகிறான். ஏர்கோன் பெட்டி அவன் பெயரை விட்டுவிட்டது. சாம்பாரைப் பற்றி அவன் ஒன்றும் சொல்வதில்லை. உடம்பு கொஞ்சம் பூசிவிட்டது. இந்தப் பருவம் பாலிடெக்னிக் திரும்பி ஹோஸ்டலில் இருக்கிறான். பாடம் மெதுவாகத்தான் ஏறுகிறதாம், ஆனால் ஏறுகிறதாம். உறவில் யார் கேட்டாலும் செல்வி இப்போது காய்ச்சல் என்று சொல்வதில்லை. நோயின் பெயரையே சொல்கிறாள். முதல் தடவை சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன்.

உன்னிடம் கேட்க ஒன்று பாக்கி இருக்கிறது. உன் முகத்தில் அந்தச் சிரிப்பு எப்போது நின்றது? எந்த வருடம், மழைக்காலமா வெயிலா? எனக்குத் தெரியவில்லை, தம்பி. உனக்குத் தினம் சோறு போட்டேன், தினம் மாத்திரை கொடுத்தேன், தினம் உன் முகத்தைப் பார்த்தேன். தினம் பார்த்ததால்தான் தெரியாமல் போயிற்று. புருவம் கொஞ்சம், உதட்டோரம் கொஞ்சம் என்று அது போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஒரு நாள் பார்த்தபோது முகம் மூடியிருந்தது. எனக்குத் தெரிந்த இந்த ஒன்றை மட்டும் உன்னிடமிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு முகம் மூடத் தொடங்கினால் எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

அதனால் மாதம் ஒரு படம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன் முகிலனை. "வாட்ஸ்அப்ல போடுறேன் லா பாட்டி" என்கிறான். போன் படம் முகத்தை மினுக்கிக் காட்டும், இல்லாத சிரிப்பையும் பூசிவிடும். எனக்குக் கடையில் கழுவிய படம்தான் வேண்டும். வந்ததை வரிசையாக மேசையில் வைத்துப் புருவத்தைப் பார்க்கிறேன், உதட்டோரத்தைப் பார்க்கிறேன், விரலைப் பார்க்கிறேன். போன படத்துக்கும் அதற்கு முந்தின படத்துக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்று எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. இருப்பது போலவும் இருக்கிறது, இல்லாதது போலவும் இருக்கிறது. செல்வியிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த மாதத்துப் படம் வரவில்லை.

உனக்கு எழுதுவதை இங்கே நிறுத்திவிட்டு அவனுக்கு எழுத வேண்டும். எழுதப் போவது இவ்வளவுதான்:

முகிலா, புதுப் படம் ஒன்று எடுத்துக் கடையில் கழுவித் தபாலில் போடு. பாட்டிக்காகச் சிரிக்காதே. எப்படி இருக்கிறாயோ அப்படியே நில்.